குளிர் காக்கும் தூவியும் இழையும்

வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடியில் மார்கழிப் பனிக்கு ஒரு போர்வை போதும். லடாக் எல்லைக்குக் காவல் செல்லும் பிள்ளைக்கு அது போதுமா? தூவிச் சட்டை நல்லதா, செயற்கை இழைச் சட்டை நல்லதா என்று பெற்றோர் சிலர் என்னை வினவுகின்றனர்.

எந்த ஆடையும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. தன்னுள் அசையாது நிற்கும் காற்றினால் உடலின் வெப்பத்தைக் காக்கிறது. புதிய இலவம்பஞ்சு மெத்தை இதமாயிருப்பதும், அமுங்கிப்போன மெத்தையில் தரைக்குளிர் ஏறுவதும் இதனாலேயே.

வாத்தின் மேலிறகுக்கு அடியிலுள்ள மென்தூவி, சிறு எடையில் மிகுந்த காற்றை அடக்கும். 1922-இல் எவரெஸ்ட்டில் ஏற முயன்ற ஜார்ஜ் பிஞ்ச் தூவி அடைத்த சட்டையையே அணிந்தார். ஆனால் நனைந்தால் தூவி கட்டியாகிக் காற்றை இழந்துவிடும். பாலியெஸ்டர் இழையோ நீரை மிகக் குறைவாகவே ஏற்கும், ஈரத்திலும் ஓரளவு உப்பி நின்று விரைவில் உலரும், விலையும் குறைவு. எனினும் அதே கதகதப்புக்கு எடை கூடும். பலமுறை அமுக்கி மடித்தால் தூவியைவிட விரைவில் தளரும்.

ஆகவே வறண்ட கடுங்குளிருக்குத் தூவி. மழையும் ஈரப்பனியும் உள்ள இடத்துக்கு இழை. சுமையோடு மலையேறுகையில் சுரக்கும் வியர்வையும் ஈரமே. ஆதலால் ஏறும்போது தடித்த சட்டையைக் கழற்றி வைத்து, நின்றவுடன் அணியுமாறு பிள்ளைக்கு எழுதுங்கள். பெட்டியின் அடியில் அமுக்கி வைக்க வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.