களத்து மேட்டில் மனக்கணக்கு



நெல் எடை போடும்போது தராசு முள்ளைக் கூர்ந்து பார்க்கிறோம். எடை முடிந்து வியாபாரி பெருக்கிச் சொல்லும் தொகையை மட்டும் தலையாட்டி வாங்கிக் கொள்கிறோம். கைப்பேசியில் கணக்குப் போடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் எண்ணைத் தவறாக அழுத்தினால் விடையும் தவறாகத்தான் வரும். அதைக் கண்டுகொள்ள மனக்கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முறை எளிது. பெருக்க வேண்டிய இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் உடைத்து, தனித்தனியே பெருக்கிக் கூட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் இதைப் பங்கீட்டுப் பண்பு என்பார்கள்.

37 மூட்டை நெல், மூட்டைக்கு 62 கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள். 62 என்பது 60-உம் 2-உம். 37-ஐ ஆறால் பெருக்கினால் 222. ஒரு சுழி சேர்த்தால் 2,220. 37-ஐ இரண்டால் பெருக்கினால் 74. கூட்டினால் 2,294 கிலோ. இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. "சாக்குக்காக மூட்டைக்கு 2 கிலோ கழிவுதானே" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கழிவு 74 கிலோ, அதாவது ஒரு மூட்டைக்கும் மேல் என்பது உடனே விளங்கிவிடும். வெறும் சாக்கைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு எண்களையும் உடைத்து, முப்பதை அறுபதாலும் ஏழை இரண்டாலும் மட்டும் பெருக்கி நிறுத்திவிடக் கூடாது. அப்படிச் செய்தால் 1,814 தான் வரும். 480 கிலோ நெல் கணக்கிலிருந்து மறைந்துவிடும்!

கூட்டுவது போலவே கழிக்கவும் செய்யலாம். 2018-ஆம் ஆண்டில் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. 45 என்பது 50-இல் 5 குறைவு. 6 மூட்டைக்கு 300 கிலோ, அதில் 30 போக 270 கிலோ. யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு. ஆகவே பழைய வழக்கப்படி மூட்டையை எண்ணி உரமிடுபவரின் பயிருக்கு, குறைந்துபோன அந்த 30 கிலோவில் இருந்த 13 கிலோ 800 கிராம் தழைச்சத்து போய்ச் சேராது. உரப் பரிந்துரையைக் கிலோவிலேயே நினைவில் வையுங்கள்.

நிலம் முழு ஏக்கராக இல்லாதபோதும் இம்முறை உதவும். மண் பரிசோதனைப்படி மேலுரமாக ஏக்கருக்கு 48 கிலோ யூரியா, உங்கள் வயல் 1 ஏக்கர் 35 சென்ட் என்றால், ஏக்கருக்கு 48 கிலோவைத் தனியே வைத்துவிடுங்கள். மீதி 35 சென்ட்டுக்கு, 35-ஐ ஐம்பதால் பெருக்க 1,750. அதில் 35-இன் இரு மடங்கான 70-ஐக் கழிக்க 1,680. ஏக்கருக்கு 100 சென்ட் ஆதலால் நூறால் வகுக்க 16 கிலோ 800 கிராம். மொத்தம் 64 கிலோ 800 கிராம். 65 என்றே கொள்ளலாம். ஒரு மூட்டையும், அடுத்த மூட்டையில் அளந்தெடுத்த 20 கிலோவும் போதும். மிஞ்சிய 25 கிலோவை ஈரம் படாமல் கட்டி வையுங்கள்.