நோன்பு நாளும் இரத்த அழுத்தமும்



5-8-2021இல் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இன்று கடலூர், சிதம்பரம் வட்டாரச் சிற்றூர்களிலும் வீடு தேடி வந்து அழுத்தம் அளந்து மாத்திரை தருகின்றனர். தந்த மாத்திரை நோன்பு நாளில் உண்ணப்படுகிறதா என்பதே என் கவலை.

தசலட்சணப் பர்வத்தில் நீரும் அருந்தாத முதியோர் சிலர் மாத்திரையையும் நிறுத்திவிடுகின்றனர். அழுத்தம் அறிகுறி ஏதுமின்றி ஏறும். பக்கவாதமே முதல் அறிகுறியாகவும் அமையலாம். மாறாக, சிறுநீர் பெருக்கும் மாத்திரையை நீரின்றி விழுங்கினால் அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரும். ஆகவே நோன்பேற்கும் முன்னரே மருத்துவரிடம் கூறி வேளையும் அளவும் கேட்டுக்கொள்ளுங்கள். இரவுண்ணாமை நோற்போர் அதனையும் கூறுங்கள். பல மாத்திரைகளைப் பகலிலேயே அமைத்துத் தர இயலும்.

அளக்கும்போது ஐந்து நிமிடம் அமர்ந்து, கையை மார்பளவில் தாங்கி, பேசாதிருங்கள். (நம் தாய்மார்க்கு இதுவே கடினமான விரதம்!) வெவ்வேறு நாள்களில் 140/90க்குக் குறையாதிருப்பின் மருத்துவரைக் காணுங்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் அடங்கட்டும். ஊறுகாயை விலக்குவோரும் அப்பளத்தை விடுவதில்லை.

நோன்பிருப்பவரின் மருந்துச் சீட்டு அவர் அருகிலேயே இருக்கட்டும். மயங்கினால் 108ஐ அழைத்து, வருபவரிடம் அதனைக் காட்டுங்கள்.