இருட்டுச் சமையலறைக்கு ஐயாயிரம் ரூபாயில் வெளிச்சம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, பார்க்கிங், லிஃப்ட் பராமரிப்பு என்று வழக்கமாகப் பேசும் விஷயங்களுக்கு நடுவே சமையலறை வெளிச்சத்தைப் பற்றிப் பேச எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இது வீட்டுக்குள் இருக்கும் விஷயம்தானே, சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குக் கடைசியில் பதில் சொல்கிறேன்.

நம் குடியிருப்பில் பெரும்பாலான சமையலறைகளின் ஜன்னல் டக்ட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது.   கீழ்த்தளத்தில் பட்டப்பகலிலேயே விளக்குப் போட்டுத்தான் காய் நறுக்க வேண்டியிருக்கிறது.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், நம்மில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளிக்கிறது. இருபது வயதில் கண்ணுக்குள் போன வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் உள்ளே போகிறது. மருமகளுக்குப் போதுமான விளக்கு மாமியாருக்குப் போதாது. கொதிக்கும் எண்ணெய், அரிவாள்மணை, குக்கர் எல்லாம் இருக்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இனி, செலவில்லாத வேலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சோதனை. காலை பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் நில்லுங்கள். மளிகைப் பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிறதா? முடியாவிட்டால் பகல் வெளிச்சம் போதவில்லை. அடுத்து, இரவில் விளக்கைப் போட்டுவிட்டு அதே இடத்தில் நின்று மேடையைப் பாருங்கள். நறுக்கும் பலகை மேல் உங்கள் தலையும் தோளும் கறுப்பாக விழுகிறதா? அப்படியானால் விளக்கு போதுமான சக்தியோடு இருந்தாலும் தவறான இடத்தில் இருக்கிறது. இரண்டு குறைக்கும் வைத்தியம் வேறு வேறு.

பகல் வெளிச்சத்துக்கு முதல் வேலை கழுவுதல். ஜன்னல் கொசுவலையைக் கழற்றிப் பாருங்கள். தாளிக்கிற புகையும் தூசியும் சேர்ந்து பல கண்கள் அடைத்திருக்கும். வெந்நீரில் வாஷிங் சோடா கலந்து, கையுறை போட்டுக்கொண்டு பிரஷ்ஷால் தேயுங்கள். அலுமினியச் சட்டத்தில் மட்டும் அந்தச் சோடா வேண்டாம், கறுத்துவிடும். அதற்குப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போதும். கண்ணாடியை இரண்டு பக்கமும் துடையுங்கள். டக்ட் பக்கம் கை எட்டாவிட்டால் எம்பிப் பிடிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் திண்டில் அடுக்கியிருக்கும் ஊறுகாய் ஜாடி, எண்ணெய் கேன், காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஜன்னலின் கீழ்ப் பாதியை மறைத்தால் மேடைக்கு வரவேண்டிய வெளிச்சம்தான் குறையும்.

இரண்டாவது, விளக்கின் இடம். நம் வீடுகளில் டியூப் லைட் வாசல் பக்கச் சுவரில், அதாவது சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வாஸ்துப்படி கிழக்குப் பார்த்து அடுப்பு வைத்திருப்பார்கள், அதை நகர்த்தச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், விளக்கை நகர்த்துங்கள். மேடையின் முன்விளிம்புக்கு நேர் மேலே, கூரையில் ஒரு 20 வாட் எல்.இ.டி. பேட்டன். மேலே ஷெல்ஃபோ கப்போர்டோ இருந்தால் அதன் அடியில் 2 அடி நீளமுள்ள 10 வாட் பேட்டன் இரண்டு. ஒன்று காய் நறுக்கும் இடத்துக்கு, ஒன்று சிங்க்குக்கு. சிங்க் மூலைதான் பல வீடுகளில் மிகவும் இருட்டு. பாத்திரம் தேய்க்க வரும் அம்மா கறை போகவில்லை என்று திட்டு வாங்குவதற்குக் காரணம் பாதி நேரம் அந்த இருட்டுதான்.

கூரை விளக்குக்கும் மேடைக்கும் ஏழு அடி இடைவெளி. ஷெல்ஃபுக்கு அடியில் இருக்கும் விளக்குக்கு இரண்டு அடிதான். அதனால் சின்ன விளக்கே அங்கே தாராளமாகப் போதும்.

கடையில் வாட்டை மட்டும் பார்க்காமல் அட்டையில் லூமன் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு வாட்டுக்கு 100 லூமன் அளவில் இருந்தால் நல்லது. நிறத்தில் 4000 கெல்வின், நியூட்ரல் ஒயிட் என்று கேளுங்கள். 6500 கெல்வின் பளிச்சென்று இருந்தாலும் நீலம் பாய்ந்திருக்கும், தோசை சிவந்ததா என்று பார்க்க நியூட்ரல்தான் வசதி. பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மின்சாரக் கட்டணம் ஏறுமோ என்று பயம் வேண்டாம். பழைய 40 வாட் டியூப், சோக்கோடு சேர்ந்து சுமார் 50 வாட் இழுக்கும். தினமும் ஆறு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். புதிய 20 வாட் பேட்டன் ஆறு மணி நேரம், சின்ன பேட்டன்கள் இரண்டும் மூன்று மணி நேரம் என்று வைத்தால் 11 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். விளக்கு ஒன்றுக்கு மூன்றாகியும் யூனிட் குறைகிறது.

மூன்றாவது, சுவரும் கூரையும். வெள்ளைச் சுவர் தன் மேல் படும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கும். கறுப்பு கிரானைட் பத்து சதவீதம்கூடக் கொடுக்காது. அதற்காகக் கிரானைட்டைப் பெயர்க்க வேண்டாம், செலவு தாங்காது. கூரைக்கும், டைல்ஸுக்கு மேலே உள்ள சுவருக்கும், கழுவக்கூடிய வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் அடித்தால் போதும். அதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கை முழுக்கக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்து வரும். அடர்ந்த பழுப்பு நிறக் கப்போர்டு கதவுகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சமையலறைக் கதவின் மேல் பாதியில் பலகையை எடுத்துவிட்டு டஃபன்ட் கண்ணாடி போட்டால் ஹாலின் வெளிச்சமும் கொஞ்சம் உள்ளே வரும். காசு மிஞ்சினால் செய்யலாம்.

நம் பகுதிக் கடைகளில் விசாரித்த விலையில், எட்டுக்கு ஏழு அடிச் சமையலறைக்குக் கணக்கு இது:

கழுவும் சாமான்கள் – 150
புதுக் கொசுவலை – 400
20 வாட் பேட்டன் ஒன்று – 300
10 வாட் பேட்டன் இரண்டு – 500
ஒயர், சுவிட்ச், எலக்ட்ரீஷியன் கூலி – 800
பிரைமர், எமல்ஷன், ஒரு நாள் பெயிண்டர் கூலி – 2,700
மொத்தம் – 4,850 ரூபாய்

வாடகைக்கு இருப்பவர்கள் முதல் ஐந்து வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். 2,150 ரூபாய்தான் ஆகும். விளக்குகளைக் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

செய்யக் கூடாதவை மூன்று. அடுப்புக்கு நேர் மேலே ஒயரையோ ஒட்டுகிற எல்.இ.டி. ஸ்ட்ரிப்பையோ கொண்டு போகாதீர்கள், சூட்டில் பசை இளகி அடுப்பில் விழும். ஓப்பன் கிச்சன் ஆக்குகிறேன் என்று இன்ஜினியரைக் கேட்காமல் சுவரை இடிக்காதீர்கள். கரப்பான் வருகிறது என்று தரையை ஒட்டிய காற்றுத் துவாரத்தை அடைக்காதீர்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும், அது வெளியேறும் வழி அந்தத் துவாரம்தான்.

இப்போது சங்கத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்னதையெல்லாம் செய்தாலும் கீழ்த்தளத்தில் பகல் வெளிச்சம் அதிகம் கூடாது. டக்ட்டில் வானம் நேராகத் தெரிவது மேல்தளத்துக்கு மட்டும். கீழே இருப்பவர்களுக்குச் சுவரில் பட்டுப் பட்டு இறங்குகிற வெளிச்சம்தான். இது கூட்டுவட்டி மாதிரி, ஆனால் குறைகிற வட்டி. வெள்ளைச் சுவரில் 100 பங்கு வெளிச்சம் மூன்று முறை பட்டால் 80, 64, கடைசியில் 51 மிஞ்சும். பாசி பிடித்துக் கறுத்த சுவர் 30 சதவீதம்தான் திருப்பும் என்று வைத்தால் 30, 9, கடைசியில் 3கூட மிஞ்சாது. நம் டக்ட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். போதாததற்குச் சில பிளாக்கில் மழைக்காக மேலே போட்ட ஃபைபர் ஷீட் பழுப்பேறிக் கிடக்கிறது.

டக்ட் சுவர் எந்தத் தனி வீட்டுக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. ஆறுக்கு எட்டு அடி டக்ட், 40 அடி உயரம் என்றால் 1,120 சதுர அடி. சுத்தம் செய்து வெள்ளை சிமென்ட் பெயிண்ட் அடிக்க, தொங்கு சாரத்தோடு சதுர அடிக்கு 20 ரூபாய் என்று வைத்தாலும் 22,400 ரூபாய். ஒரு டக்ட்டைச் சுற்றி எட்டு வீடுகள், தலைக்கு 2,800.

மூன்றாவது மாடிக்காரர்கள், எங்களுக்கு வெளிச்சம் இருக்கிறதே, நாங்கள் ஏன் தர வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மொட்டைமாடியில் நீர்க்கசிவு வந்தபோது அதன் கீழே இருந்தது மூன்றாவது மாடி மட்டும்தான், செலவைத் தரைத்தளமும் சேர்ந்துதான் பகிர்ந்துகொண்டது. லிஃப்ட்டும் அப்படித்தான். அந்தக் கணக்கு டக்ட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே செயலாளருக்கு மூன்று வேண்டுகோள்கள். கோடை முடிவதற்குள் எல்லா டக்ட்டுகளையும் சுத்தம் செய்து வெள்ளையடிக்க மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். பழுப்பேறிய ஷீட்டுகளை எடுங்கள், அல்லது வெளிச்சம் புகும் புது ஷீட்டாக, காற்றுக்கு இடைவெளி விட்டு மாற்றுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதை ஓட்டெடுப்புக்கு வையுங்கள்.

ஓட்டுப் போடுவதற்கு முன் எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பிளாக்கில் தரைத்தளத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அவர்கள் சமையலறையில் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அதற்குப் பிறகு எப்படி ஓட்டுப் போட்டாலும் எனக்குச் சம்மதம்.