உப்பளத்துக்குப் போற அம்மாவோட கைக்குழந்தைக்கு ஒரு காப்பகம்

(எக்கியார்குப்பம் கிளைக் கூட்டத்தில் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐ.டி. விங்னா மீம் போடுறவன்னு நினைப்பீங்க. இன்னைக்கு அரசியலை விட்டுட்டு, இல்ல, இதுவும் அரசியல்தான், கைக்குழந்தையைப் பத்திப் பேசப் போறேன்.

பிறந்த குழந்தையோட மூளை முதல் வருஷத்துலயே கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுது. பால் மட்டும் அதுக்குப் போதாது. குழந்தை 'ங்ஙா'ன்னா நீங்க 'என்னடா கண்ணு'ன்னு திருப்பிக் கேட்கணும். அப்படிப் பேசப் பேசத்தான் மூளை நரம்புகளோட இணைப்பு உறுதியாகுது. மனுஷங்களோட பழகுறதுக்கு முதல் பாடமும் அதுதான்.

1970களில் அமெரிக்காவுல எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு உளவியலாளர் சோதனை பண்ணினார். குழந்தையோட விளையாடிட்டிருந்த அம்மாவை, கொஞ்ச நேரம் முகத்தைக் கல்லு மாதிரி வெச்சுக்கச் சொன்னார். குழந்தை சிரிச்சுப் பார்க்குது, கையை நீட்டுது, கத்துது. ஒண்ணும் நடக்கலன்னதும் முகத்தைத் திருப்பிக்கிட்டு அழுதுடுது. அம்மா எதிர்லயேதான் இருக்காங்க! (யூடியூப்ல இருக்கு. என்னால முழுசாப் பார்க்க முடியல.)

செல்போனைப் பார்க்கும்போது நம்ம முகமும் அப்படித்தான் இருக்கு. அண்ணன்மார்களே, என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். ரெண்டு வயசு வரைக்கும் குழந்தைக்குத் திரையே வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிடுச்சு.

ஆனா நம்ம மரக்காணம் பக்கம் பிரச்சினை செல்போனோட முடியல. உப்பளத்துக்குப் போற அம்மா விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும், வெயில் ஏறுறதுக்குள்ள உப்பு வாரணும். மீன் விக்கப் போறவங்களுக்கும் அதே கதை. குழந்தை ஆயாகிட்ட. ஆயா பேசிப் பேசி வளர்த்தா ஒரு குறையும் இல்ல, அறிவியலும் அதைத்தான் சொல்லுது. ஆயா இல்லாத வீட்டுல? அங்கன்வாடியில 2 வயசு ஆனாத்தான் சேர்ப்பாங்க. மூளை வேகமா வளர்ற அந்த ரெண்டு வருஷம் குழந்தை எங்க இருக்கும்? உப்பளக் கரையில குடை நிழல்லயா?

2005ல வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துலயே ஒரு விதி எழுதினாங்க. வேலை நடக்குற இடத்துல 6 வயசுக்குக் கீழ 5 குழந்தைங்க இருந்தாலே, பார்த்துக்க ஒரு பெண்ணைப் போடணும், அவங்களுக்கும் கூலி உண்டுன்னு. குளம் வெட்டினா உண்டு, உப்பு வாரினா இல்லையா?

அக்டோபர் 2 கிராம சபையில இதைத் தீர்மானமா வைக்கப் போறோம்: உப்பளத்துக்குப் பக்கத்துல, விடியற்காலையிலயே திறக்குற குழந்தைகள் காப்பகம். பார்த்துக்கறவங்க நம்ம ஊர்ப் பெண்களாவே இருக்கட்டும், சம்பளத்தோட. தாய்மார்கள் அவசியம் வரணும். குழந்தையையும் தூக்கிட்டு வாங்க, சத்தம் போட்டாப் பரவாயில்ல.