மலையின் பெயரும் பள்ளியின் மொழியும்

(திருவண்ணாமலையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



திருவண்ணாமலைக்கு வரும் அயல்நாட்டார் பெரும்பாலோர் இம்மலையை 'அருணாசலம்' என்னும் வடமொழிப் பெயராலேயே அறிந்து வருகின்றனர். அவர்கள் படித்த ஆங்கில நூல்கள் அப்பெயரைத்தான் பரப்பின. 7ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் அண்ணாமலை என்று பாடிய மலை, அடிவாரத்து உழவனும் பூ விற்பவளும் இன்றும் அண்ணாமலை என்றே அழைக்கும் மலை, கடல் கடந்தவுடன் வேறு பெயர் பூண்டுவிட்டது. ஊருக்கு வந்து ஆண்டுகள் பல தங்கியவர்க்கும் இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்வார் அரியர்.

பெரியவர்கள் நிலை போகட்டும். இங்கேயே தங்கிவிட்ட அயல்நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளும், அவர்களோடு ஒரே பலகையில் அமரும் தமிழ்ப்பிள்ளைகளும் எம்மொழியில் ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர்? எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே. பன்னாட்டுப் பள்ளிகள் 'பண்பாட்டுப் பன்மை' என்னும் தொடரைத் தம் விளம்பரத் தாள்களில் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. கூடத்தில் பல நாட்டுக் கொடிகளைக் கட்டுவதும், ஆண்டுக்கொரு நாள் பொங்கற்பானை ஏற்றுவதும், சேலை உடுத்த சிறுமியைப் படம்பிடிப்பதும் பன்மையாகிவிடுமா? அதே வளாகத்தில் சமையற்கட்டிலும் தோட்டத்திலும் வாயிற்காவலனிடத்தும் மட்டுமே தமிழ் ஒலிக்குமாயின், அயல்நாட்டுப் பிள்ளை அதனின்று கற்பது ஒன்றே: தமிழ், ஏவப்படுவோரின் மொழி. தமிழ்ப்பிள்ளை கற்பதோ அதனினும் கொடிது. தாய் தந்த மொழியைச் செருப்போடு சேர்த்து வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழையவேண்டும் என்று அது கற்கிறது.

இவ்வூரின் பழைய செய்தியொன்று வேறுவகையானது. இரமணரை நாடி வந்த ஆங்கிலேயர் ஆர்தர் ஆசுபார்ன், பாங்காக்கில் பேராசிரியப் பணி செய்துகொண்டிருந்தபோது, இரண்டாம் உலகப்போரில் சப்பானியரால் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். போலந்து நாட்டவரான அவர் மனைவியும் குழந்தைகளும் அந்நாள்களில் திருவண்ணாமலையில் வாழ்ந்தனர். அக்குழந்தைகளுள் ஒருவர் 1939இல் பிறந்த ஆடம் ஆசுபார்ன். சிறுவயதில் அவர் தடையின்றித் தமிழ் பேசினார். பண்பாட்டுப் பன்மை என்று எவரும் பெயர் சூட்டாத காலம் அது. பின்னாளில் அமெரிக்காவில், ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ள, கையில் தூக்கிச் செல்லத்தக்க கணிப்பொறியை 1981இல் விற்பனைக்குக் கொணர்ந்தவர் இவரே. 2003இல் கொடைக்கானலில் மறைந்தார். தமிழ் கற்றதனால்தான் கணிப்பொறி செய்தார் என்று சொல்வது வீண்பெருமை. தமிழ் கற்றது அவர் அறிவு வளர்ச்சிக்குத் தடையாகவில்லை என்பது மட்டும் உறுதி. தமிழில் பேசினால் பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று அஞ்சி வீட்டிலும் தமிழை விலக்கும் தமிழ்ப் பெற்றோர்க்கு இவ்வளவே போதும்.

அறிஞர் கருத்தும் இதற்கு மாறன்று. தாய்மொழியே பயிற்றுமொழியாதற்குச் சிறந்தது என்று யுனெசுகோ 1953இலேயே அறிக்கை வெளியிட்டது. ஒரு மொழியில் ஆழப் பதிந்த கருத்து மற்றொரு மொழியைக் கற்கும்போதும் துணைநிற்கும் என்று கனடாவின் சிம் கம்மின்சு 1979இல் எழுதினார். நிழல் ஏன் நீள்கிறது, நெல் ஏன் நீரில் நிற்கிறது என்பதைத் தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தில் புதிதாகத் தேவைப்படுவன சில சொற்களே. தெரியாத மொழியில் தெரியாத பொருளைத் திணிக்கும்போது இரண்டும் நில்லாமல் போகின்றன. மனப்பாடம் மட்டும் எஞ்சுகிறது.

சட்டம் என்ன செய்தது? 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் 2006–07இல் முதல் வகுப்பினின்று தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. பிற வாரியங்களின் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் 2015–16 முதல் படிப்படியாக விரிந்தது. ஆயினும் அது தமிழை ஒரு பாடமாக வைத்ததேயன்றிப் பயிற்றுமொழியைத் தொடவில்லை. 1968இல் செனீவாவில் தோன்றிய பன்னாட்டுப் பட்டயப் படிப்போ ஆங்கிலம், பிரஞ்சு, எசுப்பானியம் ஆகியவற்றையே முதன்மைப் பயிற்றுமொழிகளாகக் கொண்டது. 1901இல் தொடங்கிய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி 1976இல் அப்படிப்பை ஏற்றது. அப்படிப்பிலும் ஒரு வழி உண்டு: ஆசிரியர் இல்லாவிடினும், பள்ளியின் துணையோடு மாணவன் தன் தாய்மொழி இலக்கியத்தைத் தானே கற்றுத் தேர்வெழுதலாம். இதனை எத்தனை தமிழ்ப் பெற்றோர் அறிவர்? அறிந்தோருள் எத்தனை பேர் கேட்பர்?

திருவண்ணாமலையை அடுத்துள்ள மருதம் பண்ணைப் பள்ளி 2009இல் தொடங்கப்பெற்றது. ஊர்ப்புறத்துப் பிள்ளைகளும் நகரத்துப் பிள்ளைகளும் அயல்நாட்டுப் பிள்ளைகளும் அங்கு ஒன்றாகப் பயில்கின்றனர். தமிழும் ஆங்கிலமும் அங்கு வழங்குகின்றன. வயலும் மரமும் கல்வியின் பகுதிகள். வயலும் வயல்சார்ந்த இடமும் மருதம் என்னும் தொல்காப்பியத் திணைப்பெயரையே அது தாங்கியிருப்பது மகிழத்தக்கது. நெல்லின் பெயரும் பறவையின் பெயரும் வேண்டும் இடத்தில் உழவன் பிள்ளையே முந்திக்கொள்வான். அயல்நாட்டுப் பிள்ளை அவனிடம் கேட்டறிய வேண்டும்.

இத்தகைய பாடத்துக்கு இம்மாவட்டத்தில் பஞ்சமில்லை. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மலையில் எழும் ஒலிகளையெல்லாம் வரிசைப்படுத்துகிறது. தண்டராம்பட்டுப் பக்கத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றுண்டு. வீரன் அருகில் நாயொன்று செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்கிறது கல்வெட்டு. பல நாட்டுப் பிள்ளைகள் பயிலும் வகுப்பொன்றை அக்கல்லின் முன் நிறுத்துக. எழுத்து வட்டெழுத்து, பிரஞ்சுப் பிள்ளைக்கும் படிக்க வராது, தமிழ்ப் பிள்ளைக்கும் வராது. ஆசிரியர் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டுவார். 'நாய்' என்றும் 'கள்ளன்' என்றும் காதில் விழுந்தவுடன் தமிழ்ப்பிள்ளை துள்ளும். பக்கத்துத் தோழன் தோளைத் தட்டிப் பொருள் சொல்லும்.