பாலே பயிலும் குழந்தையும் பெற்றோர் கடமையும்

(சபையின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று மாலை யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களிற் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். கல்வி, வியாபாரம், விவாகச் செலவு முதலியவற்றைப்பற்றிக் கேட்டுப் பழகிய இச்சபையில் மேனாட்டாரது பாலே நடனத்திற்கு என்ன வேலை என்று ஒருவர் வினவவுங் கூடும். விடை எளிது. நம்மவரிற் பலர் லண்டனிலும் நியூயார்க்கிலும் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அவர்தம் மக்களிற் சிலர் அந்நாட்டுப் பிள்ளைகளோடு கூடிப் பாலே பயில்கின்றனர். ஏழு வயதில் விளையாட்டாகத் தொடங்கிய பயிற்சி, பதினாறு வயதில் எதிர்காலத்தையே நிர்ணயிக்கும் பிரச்சினையாகிவிடுகிறது. அக்காலத்துத் தாய்தந்தையர் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்று ஆராய்வதே என் நோக்கம்.

முதலில் இவ்வித்தையின் இயல்பை அறிதல் வேண்டும். பிரான்சு தேசத்து அரசன் பதினான்காம் லூயி 1713-ல் பாரிஸ் ஆபராவுக்கென நடனப் பள்ளியை ஏற்படுத்தினான். ருஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரத்துப் பள்ளி 1738-ல் தோன்றிற்று. அதுவே இன்று வாகனோவா பெயரால் விளங்குவது. இங்கிலாந்தில் நினெட் டி வல்வா அம்மையார் 1926-ல் தொடங்கிய பள்ளியே வளர்ந்து ராயல் பாலே பள்ளியாயிற்று. இத்தகைய பெரும் பள்ளிகள் பத்துப் பதினொரு வயதிலேயே குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கின்றன. அத்தேர்வில் குழந்தை எத்தனை அடவுகளைக் கற்றிருக்கிறது என்பதைவிட, அதன் இடுப்பு மூட்டு எவ்வளவு வெளிப்புறம் திரும்புகிறது, பாதம் எங்ஙனம் வளைகிறது, இசைக்கு உடல் எவ்வாறு இணங்குகிறது என்பவற்றையே பெரிதும் நோக்குகின்றனர். ஆதலால் அங்கே தேறாத குழந்தையைச் சோம்பேறி என்றோ அறிவிலி என்றோ எண்ணுதல் பெரும் பிழை. எலும்பின் அமைப்புக்குக் குழந்தை எங்ஙனம் பொறுப்பாகும்?

ஒரு முறை மறுக்கப்பட்டது முடிவான தீர்ப்பும் அன்று. உலகம் போற்றிய அன்னா பாவ்லோவா ஒரு சலவைத் தொழிலாளியின் மகள். பீட்டர்ஸ்பர்க் பள்ளியார் முதலில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பின்னர் 1891-ல், பத்தாம் வயதில், ஏற்றுக்கொண்டனர். அவ்வம்மையாரின் தூண்டுதலே ருக்மிணி தேவி அவர்களை நம் நாட்டியத்தின்பால் திருப்பியதும், 1936-ல் கலாக்ஷேத்திரம் தோன்றியதும் நீங்கள் அறிந்தவை. அமெரிக்காவில் மிஸ்டி கோப்லண்ட் என்பார் பதின்மூன்றாம் வயதில்தான் பாலேயைத் தொடங்கினார். வறுமைப்பட்ட குடும்பத்தில் வளர்ந்த அக்கறுப்பினப் பெண், 2015-ல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மை நர்த்தகியாக உயர்ந்தார். அச்சங்கத்தில் அவர் இனத்துப் பெண்ணொருவர் அந்நிலையை எய்தியது அதுவே முதன்முறை. கியூபா தேசத்துக் கார்லோஸ் அகோஸ்டாவோ லாரி ஓட்டியின் மகன். பதினொரு பிள்ளைகளில் இளையவன். பந்தாட விரும்பித் தெருவில் திரிந்தவனை அவன் தந்தையே வற்புறுத்தி அரசாங்க நடனப் பள்ளியில் சேர்த்தார். 1990-ல் லோசான் போட்டியில் தங்கப் பதக்கமும், பின்னர் லண்டன் ராயல் பாலேயில் பெரும் பதவியும் அவரை வந்தடைந்தன. கலை பிறப்பை நோக்குவதில்லை என்பதற்கு இம்மூவரே சான்று.

எனினும் இவர்களை உதாரணங்காட்டிக் குழந்தையை விரட்டுதல் கூடாது. ஆயிரம்பேர் பயிலுமிடத்தில் மேடைக்கு வருவோர் மிகச் சிலரே. வென்றவர் பெயர் நம் செவிக்கு எட்டுகிறது. மற்றையோர் பெயர் எட்டுவதில்லை. ஆகவே பயிற்சிக்குத் துணை நிற்கும் பெற்றோர், அப்பயிற்சி மேடையில் முடியாவிடினும் குழந்தைக்கு எஞ்சுவது யாது என்பதை முதல் நாளிலிருந்தே சிந்தித்தல் வேண்டும்.

அடுத்து, செலவைப்பற்றிச் சில வார்த்தைகள். நுனிக்காலில் நின்றாடுதற்குரிய பாதரக்ஷை ஒரு ஜோடி அமெரிக்காவில் 100 டாலரை ஒட்டி விலையாகிறது. தீவிரமாகப் பயிலும் பெண்ணுக்கு அது சில வாரங்களிலேயே தேய்ந்துபோம். இதனோடு ஆசிரியர் சம்பளம், கோடைக்காலப் பயிற்சி, தேர்வுகளுக்குச் செல்லும் பிரயாணம் ஆகியவையும் சேரும். உதவியும் உண்டு. இங்கிலாந்தில் ராயல் பாலே பள்ளி, எல்ம்ஹர்ஸ்ட், டிரிங் பார்க் முதலிய பள்ளிகளில் தேறும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வருமானத்திற்கேற்ப அரசாங்கம் உபகாரச் சம்பளம் அளிக்கும் திட்டம் இருக்கிறது. கேட்பதற்கு நாணி, கடன்பட்டுச் செலுத்தும் குடும்பங்கள் இதனைக் கவனிப்பனவாக. குழந்தையின்பொருட்டுக் கடன்படுதலினும் கொடியது, அக்கடனை நாள்தோறும் குழந்தைக்கு நினைவூட்டுதல்.

மூன்றாவது, தேகாரோக்கியம். இஃது எல்லாவற்றினும் முக்கியமானது. நுனிக்கால் ஆட்டத்தை எப்போது தொடங்குவது என்பதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை; கணுக்காலும் இடுப்பும் வலுப்பெற்றனவா என்று தேர்ந்த ஆசிரியரே கூறல் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் தொடங்கிவிட்டாள் என்று அவசரப்படுதல் பிற்காலத்துக் காயத்துக்கு வித்தாம். உணவோ இதனினும் நுட்பமானது. மெலிந்த உடலே அழகு என்னும் எண்ணம் இக்கலையில் நெடுங்காலமாக வேரூன்றியது. உழைப்புக்கேற்ற உணவு கொள்ளாத இளம் உடலில் மாதவிடாய் தவறுதல், எலும்பு வலுவிழத்தல், அடிக்கடி முறிவு நேர்தல் ஆகிய கேடுகள் விளையுமென்று சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வைத்திய நிபுணர்கள் 2014-ல் விரிவாக எடுத்துரைத்தனர். பெண் உணவை ஒதுக்கத் தொடங்கினாலும், மாதவிடாய் நின்றாலும், 'நர்த்தகியர்க்கு இஃது இயல்பே' என்று எவர் கூறினும் கேளாது உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பள்ளியின் பெருமையைக் கண்டு மயங்குதலும் ஆகாது. 2019-ல் வியன்னா நகரத்து அரசாங்க ஆபராவின் பாலே பள்ளியைக் குறித்து விசாரித்த குழு, அங்கே குழந்தைகளின் நலன் போதிய அளவு பாதுகாக்கப்படவில்லை என்று அறிக்கை வெளியிட்டது. ஆசிரியர் கண்டிப்பாயிருத்தல் வேறு, குழந்தையை இழிவுபடுத்துதல் வேறு. வகுப்பிலிருந்து வந்த குழந்தையிடம் 'இன்று நன்றாக ஆடினாயா?' என்று கேட்குமுன், 'இன்று என்ன நிகழ்ந்தது?' என்று கேட்டு, விடையை இடைமறியாது கேட்கும் பெற்றோரே அதற்குச் சிறந்த காவல்.

இனிப் படிப்பைக் குறித்துக் கூறுவேன். பாரிஸ் ஆபராவில் நர்த்தகர்க்கு ஓய்வு வயது 42. பிற இடங்களில் அதற்கு முன்னரே மேடையை விட்டு விலகுவோர் பலர். காயத்தால் இருபது வயதில் விலகுவோரும் உளர். ஆதலால் நர்த்தகிக்கு இரண்டாவது வாழ்க்கை ஒன்று நிச்சயமாக உண்டு. அதற்குரிய முதல் கல்வியே. நடனத்தில் தேறிவிட்டால் கணக்கு எதற்கு என்னும் பேச்சுக்கு வீட்டில் இடமளியாதீர். நியூயார்க்கில் 1914 முதல் நடந்துவரும் ஒரு பள்ளி, மேடைத் தொழிலிலுள்ள சிறுவர்க்கென்றே பாட நேரத்தை வகுத்திருக்கிறது. அத்தகைய ஏற்பாடு இல்லாத ஊரில், பள்ளித் தலைவரைப் பெற்றோரே நேரிற் கண்டு, பரீட்சையும் தேர்வும் ஒரே நாளில் மோதாதபடி முன்கூட்டியே பேசி முடித்தல் நலம்.

பள்ளிப்படிப்பு முடியும் தறுவாயில் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நடனக் குழுவில் பயிலுநராகச் சேர்தல், மற்றொன்று சர்வகலாசாலை. இங்கிலாந்தில் இப்பிரிவு பதினாறு வயதிலேயே வந்துவிடும். மேல்நிலை நடனப் பள்ளிகளின் தேர்வும் பொதுப் பரீட்சையும் ஒரே ஆண்டில் நெருக்கும். அங்குள்ளோர் ஒன்றை அறிதல் வேண்டும்: ராயல் அகாடமி ஆப் டான்ஸ் நடத்தும் ஆறாம், ஏழாம், எட்டாம் படிப் பரீட்சைகளில் தேறியவர்க்கு, அந்நாட்டுச் சர்வகலாசாலைப் பிரவேசக் கணக்கில் மதிப்பு உண்டு. வேறு பாடம் படிக்கச் செல்லும் பிள்ளைக்கும் நடன உழைப்பு இங்ஙனம் பயன்படக்கூடும்.

அமெரிக்காவில் ஜூலியார்டு, இண்டியானா, யூட்டா முதலிய இடங்களில் நடனத்திற்கே பட்டம் உண்டு. விண்ணப்பப் பத்திரம் ஆகஸ்டு 1-ல் திறக்கப்படும். முற்கூட்டி விண்ணப்பிப்போர்க்குப் பெரும்பாலும் நவம்பர் தொடக்கமும், ஏனையோர்க்கு ஜனவரி தொடக்கமும் தவணை. நடனத் துறைக்கோ இலையுதிர் காலத்திலேயே ஆட்டத்தைப் படமெடுத்து அனுப்பவேண்டுவதும், குளிர்காலத்தில் நேரில் ஆடிக்காட்டவேண்டுவதும் உண்டு. நடனக் குழுக்களின் தேர்வும், கோடைப் பயிற்சித் தேர்வும் அக்குளிர்காலத்திலேயே வந்து சேரும். மே 1-க்குள் இறுதி விடை அளித்தல் பொது வழக்கம். இத்தனையையும் பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தியாகத் தாங்குதல் அரிது. தேதிகளை ஒரு தாளிலெழுதிச் சுவரில் ஒட்டுதலும், பிரயாணத்தை ஒழுங்கு செய்தலும், சோறு சமைத்துக் காத்திருத்தலும் பெற்றோர் வேலை. விண்ணப்பக் கட்டுரையை எழுதுதல் பிள்ளையின் வேலை. அதில் நாம் கைவைத்தல் தகாது.

ஒரு வழியைத் தேர்ந்தால் மற்றது அடியோடு அடைபடும் என்று அஞ்சவும் வேண்டா. இடம் கிடைத்த பின் ஓராண்டு தள்ளிச் சேரச் சில கலாசாலைகள் இசைகின்றன. கலிபோர்னியாவிலுள்ள செயின்ட் மேரிஸ் கல்லூரி, மேடையேறிய நர்த்தகர்கள் பட்டம் பெறுதற்கென்றே 1999-ல் ஒரு தனி ஏற்பாட்டைத் தொடங்கிற்று. கல்வி காத்திருக்கும், உடைந்த மனமும் நலிந்த உடலுமே எளிதில் திரும்பா.

கடைசியாக ஒரு வார்த்தை. 'தங்களுக்கு இடமளிக்க இயலவில்லை' என்னும் கடிதம் ஏறக்குறைய ஒவ்வொரு நடனப் பிள்ளைக்கும் ஒருநாள் வரத்தான் செய்யும். அன்று இரவு அப்பிள்ளை நம் முகத்தையே நோக்கும். அதில் ஏமாற்றம் கண்டால், தான் தோற்றதோடு தாய்தந்தையரையும் தோற்கடித்ததாக அது எண்ணும். பத்தாண்டுப் பயிற்சியால் அது பெற்ற ஒழுங்கும், பொறுமையும், இசையறிவும் எந்தக் கடிதத்தாலும் பறிபோகா என்பதை அன்று நாம் நம்பினாலன்றிப் பிள்ளை நம்பாது. மறுநாள் அது மீண்டும் ஆட விரும்பினால் வழிவிடுங்கள். நிறுத்த விரும்பினாலும் வழிவிடுங்கள். நாம் செலவிட்ட பொருளுக்கும் காலத்துக்கும் அதனிடம் கணக்குக் கேட்கலாகாது.