வீடு தேடிப் போன விசுவாசம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றப்பட்ட உரை)



பிறரைக் கவரும் கிறிஸ்தவ வாழ்வு என்ற பொருளில் பேசும்படி சங்கம் பணித்திருக்கிறது. இந்த மண்டபத்தில் அதைப் பேசுவது இலகுவல்ல. திருநீற்றோடு வந்து காலை ஜெபத்தில் தலைகுனிந்து நின்ற தோழியர் முன்னிருக்க, "கவருவது" என்ற சொல்லே கொஞ்சம் உறுத்துகிறது. ஆள் பிடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு யாழ்ப்பாணத்தில் மிகப் பழையது. அதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்ல முடியாது. அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, பெண்பிள்ளையைப் படிக்க விடப் பெற்றோர் எவரும் முண்டியடிக்கவில்லை. உணவும் உடையும் கொடுத்தே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. சோற்றுக்காக வந்தவள் யார், வேதத்துக்காக வந்தவள் யார் என்று அன்று எவராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

அந்தப் பாடசாலைக்கு 1840இல் வந்தவர் எலைசா அக்னியூ அம்மையார். நியூயோர்க்கில் சிறுமியாயிருந்தபோது, பூமிசாஸ்திர வகுப்பில் ஆசிரியை உலகப் படத்தில் மொரீசியஸ் தீவைத் தொட்டுக் காட்டி, ஹரியற் நியூவெல் என்ற இளம் மிஷனரிப் பெண் இறந்த இடம் இது என்றாராம். அன்றே தாமும் போவதென்று அக்னியூ தீர்மானித்தார். ஆனால் பெற்றோர் உயிரோடிருக்கும்வரை அவர்களைப் பராமரித்துவிட்டே, முப்பது வயது கடந்த பின் கப்பலேறினார். வீட்டுக் கடமையை உதறிவிட்டு ஊழியத்துக்கு ஓடவில்லை என்பதை எங்கள் இளைய சகோதரிகள் கவனிக்க வேண்டும்.

வந்தவர் பின்னர் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உடுவிலில் தலைமை ஆசிரியை. தம்மிடம் படித்தவர்களின் பிள்ளைகளுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும் படிப்பித்தார். மணமாகாத அவரை "ஆயிரம் பெண்மக்களின் தாய்" என்று இந்த ஊர் அழைத்தது. அவரிடம் படித்தவர்களில் 600க்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாக வெளியேறினர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மிஷன் அறிக்கைகளுக்கு அந்தக் கணக்கு முக்கியம். எங்களை நிறுத்திவைப்பது வேறொன்று. 1879இல் ஓய்வுபெற்றதும் அவர் மானிப்பாயில் தங்கி, கிராமம் கிராமமாகத் தம் பழைய மாணவிகளின் வீடுகளைத் தேடிப் போனார். கல்யாணமாகி, பிள்ளை குட்டியோடு, சிலர் பேரப்பிள்ளைகளோடும் இருந்த பெண்கள் அவர்கள். வகுப்பறை விட்ட இடத்திலிருந்து உறவு தொடர்ந்தது. 1883இல் இறக்கும்வரை அவருக்கு வேறு ஊர் இருக்கவில்லை.

கொடுக்க உணவும் உடையும் இல்லாத வயதில், ஒரு கிழவி படலையைத் திறந்துகொண்டு வந்து "எப்படியிருக்கிறாய் பிள்ளை?" என்று கேட்பதில் என்ன தூண்டில் இருக்க முடியும்?

இன்னொருவரையும் நினைக்க வேண்டும். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். தம் மாணவர் ஐரோப்பிய உடைக்கும் பழக்கத்துக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. விசுவாசம் சட்டையோடு வருவதல்ல என்பது அவர் கொள்கை. எங்களிற் சிலர் இன்றும் அதை முழுதாக ஏற்றதாகத் தெரியவில்லை. பொங்கல் பானையைக் கண்டால் முகம் சுளிப்பவர்கள் உண்டு.

எல்லோரும் வந்து சேர்ந்தார்களா? இல்லை. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவினார். வேதத்தை அவரளவு ஊன்றிப் படித்த கிறிஸ்தவர் அன்று எத்தனை பேர்? அவர் சைவராகவே இருந்து, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, எம்மவரைக் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தை நாம் பகையாக எண்ண வேண்டியதில்லை. நெருங்கி வந்து பார்த்தவர் சொன்ன வார்த்தை அது. அன்பு என்பது "இல்லை" என்ற மறுமொழியையும் தாங்கும். தாங்காவிட்டால் அது வியாபாரம்.

சமாரியப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். குடத்தைக் கிணற்றடியில் விட்டு ஊருக்குள் ஓடினாள். அவள் யாரையும் வாதிட்டு வெல்லவில்லை. வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாள். ஊரார் வந்தார்கள், தாமே கேட்டார்கள், பின்பு அவள் சொன்னதற்காக மட்டும் நம்பவில்லை என்று அவளிடமே சொன்னார்கள். அவளுக்கு அதில் மனவருத்தம் இருந்ததாக யோவான் எழுதவில்லை.

யுத்தம் முடிந்த காலத்தில் உணவுப் பொதியோடு துண்டுப்பிரசுரமும் வைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. எல்லாவற்றையும் இழந்து வரிசையில் நின்ற ஒரு தாயால் எதை மறுக்க முடியும்? கிறிஸ்துவின் பெயரால் அப்படிச் செய்வதை நாம் வெளிப்படையாகவே எதிர்க்கிறோம்.

சரி, நாம் செய்யப்போவது என்ன? எங்கள் மூத்த மாணவிகளிற் பலர் இன்று பெரிய வீடுகளில் தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் லண்டனில், ரொறன்ரோவில். தொலைபேசி வருகிறது, வாசலில் ஆள் வருவதில்லை. சைவரென்றும் கிறிஸ்தவரென்றும் பாராமல் அவர்களின் பெயர், வீதி, படித்த ஆண்டு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இருவர் இருவராகப் போவோம். மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டுமென்றால் வாங்குவோம், கண் தெரியாதவருக்குக் கடிதமும் பத்திரிகையும் வாசிப்போம். கேட்டால் ஜெபிப்போம். தேவாரம் படிக்கச் சொன்னால், பள்ளியில் எங்களோடு படித்த சைவத் தோழி ஒருத்தி கூட வருவாள். அவளும் பெயர் தந்திருக்கிறாள். கொப்பி செயலாளரிடம் இருக்கிறது. தேநீருக்குப் போகுமுன் உங்கள் வீதியில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.